பெயரோடு போட்ட வரைபடம்

பாவா என்னை முதன்முதலாக அடித்தது என் கடையில் வைத்து, காலை பதினொரு மணிக்கு. ஆதாரில் முகவரி மாற்ற வந்த இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வந்தவர் செருப்பைக்கூட கழற்றவில்லை. வலது கையால் ஓங்கி ஒரு அறை. இடது காது அடைத்துக்கொண்டது. மெஷின் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. பெஞ்சில் இருந்தவர்கள் தங்கள் காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களுக்குப் பாவாவைத் தெரியும்.

“அழிச்சிடு” என்றார். “சாயங்காலத்துக்குள்ள அழிச்சிடணும். ஒரு கோடு இருக்கக்கூடாது.”

பாவா என் அக்காவின் கணவர். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற ரோட்டில் இருக்கிற ஒரு கிராம ஊராட்சியில் துணைத் தலைவராக இருந்தவர். கிராமத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கெட்டவர் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாத மனிதர். அந்த ஊரில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் அவர் கார்தான் போகும். படிப்பு முடிந்து எனக்குச் சென்னையில் முதல் வேலை கிடைத்தபோது, ரயிலில் என் பெட்டியைத் தலைக்கு மேலே வைத்துவிட்டு, ஹாஸ்டல் வரைக்கும் கூட வந்து, பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். அன்றையிலிருந்து என்னை ‘மேடம்’ என்று கிண்டலாகக் கூப்பிடுவார்.

அந்தச் சென்னை வேலை வரைபடம் போடுகிற வேலை. நான் கண்ணால் பார்க்காத நாடுகளின் தெருக்களை, வானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் கோடு கோடாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏழு வருடம் இழுத்தேன். அப்புறம் அம்மா போய்விட்டாள், அப்பாவை, நாங்கள் நைனா என்போம், தனியாக விட முடியவில்லை. திருத்தணிக்கே திரும்பி வந்து மலையடிவாரத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்தேன். ஜெராக்ஸ், பட்டா நகல், ஆன்லைன் விண்ணப்பம். அதுதான் பிழைப்பு.

ஒரு நாள் பாவாவின் ஊர்க் காலனியிலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். ஊராட்சி வார்டுகளைப் புதிதாகப் பிரித்து வரைவு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அதைப் போனில் படம் எடுத்து வந்திருந்தார்கள். வந்தவர்களில் மூத்தவர், ஒரு கம்பெனி வேனில் தினமும் வேலைக்குப் போகிறவர். அங்கே சூப்பர்வைசர் வேலை. காலனியிலும் அவரை எல்லாரும் சூப்பர்வைசரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“இத்த படிச்சி சொல்லும்மா. ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுங்கன்றாங்க. இன்னா ஆட்சேபணைன்னு தெரிஞ்சாதான எழுதுறது?”

படித்தேன். எனக்கே புரியவில்லை. வடக்கே கால்வாய், கிழக்கே இன்னார் நிலம், பழைய கதவு எண் இதிலிருந்து இதுவரை என்று வரிவரியாகப் போய்க்கொண்டே இருந்தது. ஏழு வருடப் பழக்கம், கை தானாக மௌஸுக்குப் போனது.

இதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. எங்கோ இருக்கிற சிலர் எழுதி, மூல நிரலோடு சும்மா கொடுத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், தன் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். தெருக்களை ஒரு வார்டின் நிறத்துக்குள் இழுத்துவிட்டால், அந்த வார்டில் எத்தனை வீடு, எத்தனை ஓட்டு என்று பக்கத்திலேயே எண் மாறும். வேறொருவர் வந்து வேறு மாதிரி இழுத்துப் பார்க்கலாம். தேர்தல் எல்லையை அதிகாரிகள் மட்டும் போடக்கூடாது, அங்கே குடியிருக்கிறவர்களும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. நான் அதில் இருந்த ஆங்கில வார்த்தைகளையெல்லாம் எடுத்துவிட்டுத் தமிழில் போட்டேன். அந்த ஊரின் தெருக்கள் எந்த வரைபடத்திலும் சரியாக இல்லை. சூப்பர்வைசரம்மா வேலை விட்டு வந்த கையோடு வீடு வீடாகப் போய்க் கதவு எண் எழுதி வந்து கொடுப்பார். நான் ஏற்றுவேன். இரண்டு வாரம் இப்படிப் போனது.

எல்லாம் ஏற்றி முடித்து, அறிவிப்பில் இருந்த எல்லைகளைச் சிவப்பில் போட்டுப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. காலனியில் மொத்தம் மூன்று தெரு. மூன்றும் மூன்று வார்டு. ஒவ்வொன்றும் ஊருக்குள் இருக்கிற ஒரு பெரிய தெருவோடு சேர்க்கப்பட்டிருந்தது. எந்த வார்டிலும் காலனிக்காரர்கள் ஜெயிக்க முடியாது, பாவாவின் ஆட்கள்தான் ஜெயிப்பார்கள். ஒரு சிவப்புக் கோடு, பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர் வீட்டுக்கு நடுவில் போயிற்று.

சூப்பர்வைசரம்மா திரையை ரொம்ப நேரம் பார்த்தார். “கசாப்புக் கடையில வெட்டுறாப்புல வெட்டியிருக்கானுங்க” என்றார்.

எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏழு வருடம் யாருடைய தெருவையோ போட்டவள், முதல் தடவையாக ஒரு வரைபடத்தைப் பார்த்து ஒருவருக்குக் கோபம் வருவதைப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஒன்று செய்தேன். இந்த மாதிரி பொது மென்பொருளில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் என்ன சேர்த்தார்கள் என்று பெயரோடு பதிந்து வைப்பார்கள். அது மரியாதை. நானும் ஒவ்வொரு தெருவுக்கும் கீழே ‘தகவல் சேகரித்தவர்’ என்று போட்டு, சூப்பர்வைசரம்மாவின் முழுப் பெயரைத் தட்டினேன். அவரைக் கேட்கவில்லை. பெருமைப்படுவார் என்று நினைத்துக்கொண்டேன். என் பெயரை மட்டும் போடவில்லை. அக்காவுக்குச் சங்கடம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அந்த வரைபடத்தின் லிங்க்கைக் காலனிப் பெண்களில் ஒருத்தியிடம் கொடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னேன்.

மறுநாளே அக்கா போன் செய்தாள். “இன்னாடி பண்ணி வெச்சிகிற? ஊரே போனைப் பாத்துகினு குந்தினு இருக்குது. அவரு சோறு துன்னாம எழுந்து போயிட்டாரு.”

“என் பேரு அதுல இல்லியே” என்றேன்.

“திருத்தணியில இந்த வேலைய வேற யாருடி பண்ணுவாங்க?”

அதற்கு மறுநாள்தான் அந்த அறை.

நான் அழிக்கவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன். அறைந்த இடம் எரிந்துகொண்டிருந்தது. அவர் சொன்னதைச் செய்தால் அந்த எரிச்சல் போகாது என்று தோன்றியது, அவ்வளவுதான். சாயங்காலம் அவர் போன் செய்தபோது சொன்னேன்: “பாவா, நான் அழிச்சாலும் போவாதுங்க. பத்து பேரு எறக்கி வெச்சிகிறாங்க.” போனை வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, காலை ஆறரை மணிக்கு, வேனுக்காகக் காலனி முனையில் நின்றிருந்த சூப்பர்வைசரம்மாவை நான்கு பேர் வந்து பிடித்தார்கள். அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் பிறகு எனக்குச் சொன்னார்கள். முடியைப் பிடித்துக் குழாயடி வரைக்கும் இழுத்து வந்தார்களாம். ஒருவன் கையில் போன். அதைப் பார்த்து அவருடைய முழுப் பெயரையும் சத்தமாகப் படித்திருக்கிறான். “இது நீதான?” என்று கேட்டிருக்கிறான். அவர் ஆமாம் என்றிருக்கிறார். வலது கையைக் குழாய்க்குக் கீழே இருந்த சிமெண்ட் மேடையில் நீட்டி வைத்து, இரும்புக் குழாயால் அடித்தார்கள். மூன்று அடி. எழுதுகிற கை எது என்று முதலில் கேட்டுக்கொண்டுதான் அடித்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். உதடு பிய்ந்திருந்தது. காதோரம் ஒரு கைப்பிடி முடி இல்லாமல் தோல் சிவந்து கிடந்தது. கை முழங்கை வரைக்கும் கட்டு.

“அவனுங்களுக்கு என் முழுப்பேரு எப்பிடித் தெரிஞ்சிது?” என்று கேட்டார். “காலனியிலயே பாதிப் பேருக்கு என் பேரு தெரியாது.”

நான் சொன்னேன். பெயர் போட்டதை, ஏன் போட்டேன் என்பதை, எல்லாவற்றையும். முடித்த பிறகு கேட்டார்: “உன் பேரு எங்க போட்டிருக்க?”

“போடலீங்க.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றேன். நர்ஸ் வந்து போகச் சொல்லும் வரைக்கும் அவர் திரும்பவில்லை. கடைக்கு வந்ததும் எல்லாத் தெருவிலும் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். அதனால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை. கை உடைந்தது உடைந்ததுதான்.

போலீசில் புகார் கொடுத்தோம். அடையாளம் தெரியாத நபர்கள் என்று எழுதிக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்துக் கருத்துக் கேட்புக் கூட்டம். ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மேடையில் ஒரு அதிகாரி, பக்கத்தில் இரண்டு எழுத்தர்கள். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். இடது பக்கம் காலனிப் பெண்கள். வலது பக்கம் பாவாவின் ஆட்கள், வேன் வைத்துக் கூட்டி வந்த ஊர்ப் பெண்கள். அவர்களோடு அக்காவும் இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சூப்பர்வைசரம்மா கட்டோடு வந்திருந்தார். என்னிடம் பேசவில்லை, ஆனால் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

கடையிலிருந்து புரொஜெக்டரும் அதன் இரும்பு ஸ்டாண்டும் கொண்டுபோயிருந்தேன். அதிகாரி அனுமதி கொடுத்தார். சுவரில் ஊர் விரிந்தது. முதலில் சிவப்புக் கோடுகள். பின்னாலிருந்து ஒரு பெண், “யம்மா, அது என் வூடுடி, என் வூட்டைத் தாண்டி என் கொழுந்தன் வூடு வேற வார்டாம்” என்று கத்தினாள். பிறகு காலனியின் மூன்று தெருவையும் ஒரே நிறத்துக்குள் இழுத்துக் காட்டினேன். பக்கத்தில் எண்கள் மாறின. எல்லா வார்டும் ஏறக்குறைய சமமாகத்தான் வந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

பாவா எழுந்தார். சிரித்துக்கொண்டே பேசினார். “சார், மேடம் எங்க வூட்டுப் பொண்ணுதான். படிச்ச பொண்ணு. வெளையாட்டா ஒண்ணு போட்டுட்டாங்க. அத்த வெச்சி சில பேரு ஊரைக் கெடுக்கப் பாக்குறாங்க.”

சூப்பர்வைசரம்மா எழுந்து நின்றார். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். “வெளையாட்டுக்கா இத்த ஒடச்சீங்க?”

அதற்கு மேல் எது முதலில், எது பின்னால் என்று எனக்கு முழுதாகத் தெரியவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்து வந்து முன்வரிசையில் விழுந்தது. உடைந்த கால் ஒரு பெண்ணின் நெற்றியைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் எழுந்துவிட்டார்கள். ஆண்கள் நாற்காலிகளால் அடித்தார்கள். பெண்கள் டிபன் கேரியரால் அடித்தார்கள். எழுத்தர்கள் காகிதங்களை மார்போடு சேர்த்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினார்கள். வாசலில் நின்ற போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். ஒருவன் சூப்பர்வைசரம்மாவின் கட்டுப் போட்ட கையைப் பிடித்து முறுக்கினான். அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் அவனைப் பிடித்து இழுக்கப் போனேன்.

பின்னாலிருந்து என் முடியைப் பாவா பிடித்தார். “சொன்னனா? சொன்னனா உனக்கு?” என்றார். மேசை விளிம்பில் என் தலையை மோதினார். ஒரு தடவை. மறுபடியும். மூன்றாவது தடவைக்கு என் தலையைத் தூக்கியபோது, புரொஜெக்டர் கீழே விழுந்து கிடந்தது, ஸ்டாண்டிலிருந்து கழன்ற கால் என் கைக்கு எட்டியது. எடுத்துத் திரும்பி அடித்தேன்.

முகத்தில் பட்டது. முடியை விட்டுவிட்டார். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்தார். விரல்களுக்கு நடுவே ரத்தம் வந்தது. “மேடம்” என்றார். ஏன் அந்த வார்த்தையைச் சொன்னார் என்று தெரியவில்லை, வேண்டாம் என்பதற்காக இருக்கலாம்.

நான் இரண்டாவது தடவையும் அடித்தேன்.

அவர் கையை எடுத்து யாரையோ தேடியபோது அடித்தேன். அவரால் எனக்கு அப்போது எந்த ஆபத்தும் இல்லை. மூன்றாவதற்கும் ஓங்கிவிட்டேன். அதற்குள் அக்கா எங்கிருந்தோ ஓடி வந்து அவர் மேல் கவிழ்ந்துவிட்டாள். அவள் முதுகு தெரிந்தது, ஜாக்கெட்டின் தையல் தெரிந்தது, அக்கா என்று தெரிந்தது. என் கை இறங்கவில்லை. அடிக்கத்தான் போனேன். யாரோ கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். திரும்பினால் சூப்பர்வைசரம்மா, நல்ல கையால் பிடித்திருந்தார்.

“வுடு. வுடும்மா. அது உங்க அக்கா” என்றார்.

அப்புறம்தான் விட்டேன்.

என் தலையில் தையல் போட்டு மகளிர் காவல் நிலையத்தில் உட்கார வைத்தார்கள். பாவாவைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். பாவா தரப்பில் என் மேல் கொடுத்த வழக்கும், நான் அவர் மேல் கொடுத்த வழக்கும் இன்னும் நடக்கின்றன. வாய்தா அன்று கோர்ட் வராண்டாவில் அவர் ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலும் நிற்போம். கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். என் பக்கம் திரும்ப மாட்டார்.

ஜாமீனில் வந்த அன்று நைனா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். முழுக்கதையும் அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். “மொத அடி புரியுதும்மா” என்றார். “ரெண்டாவது எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டார். வக்கீல் அந்த இரண்டாவது அடியைப் பற்றி எங்கேயும் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். இதோ எழுதிவிட்டேன்.

இறுதி உத்தரவு வந்தது. காலனியில் இரண்டு தெரு ஒரே வார்டு. மூன்றாவது தெரு ஊரோடுதான். அண்ணன் தம்பி வீட்டுக்கு நடுவில் போன கோடு போனபடியே இருக்கிறது. உத்தரவின் நகலை எடுக்க சூப்பர்வைசரம்மா கடைக்கு வந்தார். அவர் கை முழுதாக நீள்வதில்லை. கம்பெனியில் சூப்பர்வைசர் வேலையிலிருந்து மாற்றி, அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற இடத்தில் போட்டுவிட்டார்கள்.

“ரெண்டு தெருவாவது வந்துதே” என்றேன்.

“ஆங். மூணாவது தெருவுலதான் என் வூடு கீது” என்றார்.

நான் தலை குனிந்து ஜெராக்ஸ் எடுத்தேன். போகும்போது வாசலில் நின்று, “சாக்கடை எங்கெங்க இல்லன்னு ஒரு படம் போடணும். போடுவியா?” என்று கேட்டார். போடுவேன் என்றேன். “போடு. மொதல்ல உன் பேரைப் போடு. எங்க பேரு போடறதுக்கு முன்ன எங்கள ஒரு வார்த்தை கேளு.”

அக்கா வந்தது அதற்கும் சில மாதம் கழித்து. மத்தியானம், பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து வந்தாள். கூட்டம் முடிந்த பிறகு நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. இளைத்திருந்தாள். ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தாள். மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டுமாம்.

அவள் ஊருக்குப் பக்கத்தில் ஆர்.கே.பேட்டையிலேயே எத்தனையோ கடை இருக்கிறது. ஏன் இங்கே வந்தாள் என்று நான் கேட்கவில்லை. காகிதங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன். ஒன்றில் பாவாவின் புகைப்படம் இருந்தது. கண் இருக்கும் இடத்தில் பஞ்சு. அதைக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைத்து மூடினேன். பெயர், வயது, முகவரி, எல்லாம் தட்டினேன். ‘பாதிப்புக்கான காரணம்’ என்ற கட்டம் வந்ததும் கை நின்றது.

“விபத்துனு போடு” என்றாள் அக்கா.

“அக்கா, கேசு நடந்துகினு இருக்குது. இப்பிடிப் போட்டா உங்க கேசுக்குத்தான் கெடுதல்.”

“அவருதான் அப்பிடிப் போடச் சொன்னாரு. பொம்பள அடிச்சி கண்ணு போச்சின்னு ஒரு காயிதத்துலயும் இருக்கக்கூடாதாம். தேர்தல்ல நிக்கிறாராம்.”

“நீ இன்னா சொல்ற?”

அவள் மேசையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள்.

“நான் அவரு மேல கவுந்தப்போ திரும்பி உன்னப் பாத்தேன்” என்றாள். “நீ ஓங்கிகினு இருந்த.”

“ஆங்” என்றேன். “அடிச்சிருப்பேன் அக்கா.”

“தெரியும்” என்றாள். “விபத்துனு போடு. பஸ்ஸுக்கு நேரமாவுது.”

போட்டேன். அவள் ஒப்புகைச் சீட்டை இரண்டாக மடித்துக் கவரில் வைத்துக்கொண்டு, குடையை விரித்துப் பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தாள்.